முன்பாதத்து வலியும் முக்கொம்பு ஓட்டமும்

மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன் என்றுதான் சிங்கப்பூரிலிருந்து கிளம்பினேன். என் பெட்டியைத் திறந்து பார்த்தால் யாரும் அதை நம்பமாட்டார்கள். மூன்று ஜோடி ஓட்ட ஷூ, பாதத்துக்கு அடியில் வைத்து உருட்ட ஒரு பந்து, ஷூவுக்குள் வைக்கும் பட்டைகள், இரண்டு வகைக் களிம்பு. எடை கூடிப்போய்விட்டது என்று மாமியாருக்கு வாங்கிய பிஸ்கட்டுகளை எடுத்து வெளியே வைத்தேன். ஷூவை எடுக்க மனசு வரவில்லை.

ஆபரேஷனுக்கு அடுத்து வரும் ஞாயிற்றுக்கிழமை முக்கொம்பில் தொடங்கி, காவிரிக் கரையோடு வந்து, பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் முடியும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டம் ஒன்று இருந்தது. பெயர் கொடுத்திருந்தேன். இதற்கு முன் சிங்கப்பூரில் இரண்டு தடவை பெயர் கொடுத்து, இரண்டு தடவையும் பாதி வழியில் சாலையோரம் உட்கார்ந்தவள் நான். வலது பாதத்தின் முன்பக்கம், விரல்கள் தொடங்குகிற மேட்டில், பத்து கிலோமீட்டர் தாண்டினால் பழுக்கக் காய்ச்சிய ஆணியை ஏற்றியது போல ஒரு வலி வரும். ஒன்றேகால் வருஷமாக இதே கதை.

எனக்கு நாற்பத்தாறு வயது. ஓடப் பிறந்தவள் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன், எஞ்சினியரான என் கணவர் வரதனுக்கு மாரடைப்பு வந்து, நெஞ்சுக்குள் இரண்டு ஸ்டென்ட் வைத்தார்கள். தினமும் நடக்கச் சொன்னார்கள். துணைக்கு நானும் நடந்தேன். மூன்று மாதத்தில் அவர் சோபாவுக்குத் திரும்பிவிட்டார், நான் ஓட ஆரம்பித்துவிட்டேன். ஓடும்போதுதான் ஆஸ்பத்திரி வராந்தா ஞாபகம் வராமல் இருக்கும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஸ்ரீரங்கம் வந்து சேர்ந்தேன். மாமியார் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். இரண்டாவது மாடி ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். கதவைத் திறந்ததும், "வாடி பத்மா, ஏன் காலைச் சாய்ச்சு சாய்ச்சு வெக்கற?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்புரை முற்றி, எதிரில் வருகிற ஆட்டோகூடத் தெரியாத கண்ணுக்கு என் நொண்டல் தெரிந்திருக்கிறது. "பிளேன்ல ஒக்காந்தது, மரத்துப்போச்சும்மா" என்று புளுகினேன். அவர் நம்பவில்லை, ஆனால் சாதம் போட்டார். ரசத்தை அந்த வீட்டில் சாத்தமுது என்றுதான் சொல்ல வேண்டும். அந்த ஒன்றுக்காகவே சிங்கப்பூரை விட்டுவிட்டு வரலாம்.

சனிக்கிழமை விடியற்காலையில் கோயிலைச் சுற்றியிருக்கும் சித்திரை வீதியில் ஓடிப் பார்த்தேன். சிங்கப்பூரில் ஓடுவதற்கென்றே பாதை போட்டு, அரை கிலோமீட்டருக்கு ஒரு பலகை நட்டு, தண்ணீர்க் குழாயும் வைத்திருப்பார்கள். இங்கே வாசலுக்கு வாசல் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு கோலத்தையும் சுற்றிக்கொண்டு போனதில் ஓடினேனா, நடனமாடினேனா என்று எனக்கே தெரியவில்லை. மூன்றாவது சுற்றில் ஒரு ஆந்திர யாத்ரீகர் கூட்டம். அதில் ஒரு அம்மாள் மகளிடம் தெலுங்கில் சொன்னது எனக்குப் புரிந்துவிட்டது. "பாவம், வேண்டுதல் போலிருக்கு. கால் வலியோட இன்னும் எத்தனை பிரதட்சிணம் பாக்கியோ!" அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்குப் பகீரென்றது. பதிலுக்கு நானும் கும்பிட்டுவிட்டு, வேறு வழியில்லாமல் இன்னொரு சுற்று ஓடினேன்.

போட்டிக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது, இந்த ஞாயிற்றுக்கிழமையே காலைப் பரீட்சை பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். காவிரிப் பாலத்தைத் தாண்டி, கரையோரமாகவே முக்கொம்பை நோக்கி ஓட்டம். இடப்பக்கம் வாழைத் தோட்டம், வலப்பக்கம் ஆறு, குளிர்ந்த காற்று. ஒன்பது கிலோமீட்டர் வரை ராணி மாதிரி ஓடினேன். பத்தில் விரல்களுக்கு நடுவில் சுருக்கென்றது. பதினொன்றில் யாரோ பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டதுபோல விரல் நுனி வரை மின்சாரம் பாய்ந்தது. "ஐயோ" என்று கத்தினேன். மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் எல்லாம் தலைநிமிர்ந்து பார்த்தன. அப்படியே மண்ணில் உட்கார்ந்து ஷூவைப் பிடுங்கி எறிந்தேன்.

ஆட்டோவும் இல்லை, பஸ்ஸும் நிற்கவில்லை. அரைமணி நேரம் கழித்து வாழைத்தார் ஏற்றிய லோடு ஆட்டோ ஒன்று வந்தது. ஓட்டியவரும் அவர் மனைவியும் முன்னால் இருந்தார்கள். "ஏறுங்கம்மா, பின்னாடி தாருக்கு நடுவுல கொஞ்சம் இடம் இருக்கு" என்றார் அவர். ஏறினேன். "யாராச்சும் துரத்துனாங்களா?" என்று அந்த அம்மாள் ஜன்னல் வழியாகக் கேட்டாள். "இல்லீங்க, சும்மா ஓடினேன்" என்றேன். "சும்மாவா?" என்று அவள் புருஷனைப் பார்த்தாள். "ஏங்க, சும்மாவாம்ங்க!" அவள் அதிர்ச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரும்வரை தீரவில்லை. இறங்கும்போது நாலு பழத்தைப் பிய்த்துக் கையில் திணித்து, "இனிமே நடங்கம்மா" என்றாள்.

திங்கட்கிழமை திருச்சி புத்தூரில் மாமியாருக்கு ஆபரேஷன். அவரை உள்ளே அழைத்துப் போனதும், பக்கத்துத் தெருவில் ஒரு எலும்பு டாக்டரின் பலகை கண்ணில் பட்டது. சரி, காத்திருக்கிற நேரத்தில் இதையும் பார்த்துவிடலாம் என்று போனேன். டாக்டர் அதிகம் பேசாதவர். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து எலும்பில் விரிசல் இல்லை என்றார். பிறகு கட்டைவிரலுக்கு அடுத்த விரலுக்கும் மூன்றாவது விரலுக்கும் இடையில் ஒரே ஒரு அழுத்து. நான் மேஜையிலிருந்து எழும்பிக் குதித்தேன்.

"இது எப்போ போட்டது?" என்று கேட்டார். அவர் காட்டியது என் மெட்டியை.

"கல்யாணத்துல போட்டது, டாக்டர்."

"இந்த அளவு டைட்டாவா?"

இல்லை. வரதன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த அன்று, வலது கால் மெட்டி கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் முழங்கால் போட்டுத் தவழ்ந்து தேடினேன். ஒரு சீன நர்ஸ் என்னோடு சேர்ந்து தவழ்ந்தாள். நாற்காலிக்கு அடியில் கிடைத்தது. அடுத்த விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, திருச்சி பெரிய கடைவீதியில் ஒரு பத்தரிடம் கொடுத்து, இரண்டு மெட்டியையும் சிறிதாக்கி, வாய் திறந்திருக்கிற இடத்தையும் வெள்ளியால் பற்றவைத்துவிடச் சொன்னேன். இனி கழலவே கூடாது. பத்தர் சோப்பு போட்டு விரலில் ஏற்றிவிட்டார்.

"இப்படி மாத்தி எவ்ளோ நாள் ஆச்சு?" என்றார் டாக்டர்.

"ஒன்றரை வருஷம்..."

"வலி?"

ஒன்றேகால் வருஷம். மூன்று ஜோடி ஷூ, பந்து, பட்டை, களிம்பு, சிங்கப்பூரில் வாரா வாரம் பிசியோதெரபி! பிசியோதெரபி செய்த பெண் ஒவ்வொரு தடவையும் என் மெட்டியைப் பார்த்து "அழகாக இருக்கிறது" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, அதைத் தொடாமல் மரியாதையாகச் சுற்றிச் சுற்றி அமுக்கினாள். எனக்கும் ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. ஏதோ காலோடு முளைத்தது போல இருந்துவிட்டேன்.

"நீங்க ஓடும்போது விரல் வீங்கும். வெள்ளி வீங்காது" என்றார் டாக்டர். "விரல் அகண்டு பக்கத்து விரலை நெருக்குது. நடுவுல போற நரம்பு நசுங்குது. உங்க ஷூவும் முன்னாடி ஒடுக்கம். இப்படியே ஓடுனீங்கன்னா நரம்பு தடிச்சுப் போயி ஆபரேஷன்ல கொண்டுபோய் விட்டுரும். அகலமான ஷூ போடுங்க, லேஸை முன்னாடி தளர்த்திக் கட்டுங்க. மெட்டி ரெண்டையும் கழட்டிடுங்க."

"கழட்டணுமா?" என்றேன்.

"கழட்டாம ஓடக்கூடாதும்மா. கழட்டிட்டு நீங்க சொல்ற ஞாயித்துக்கிழமை போட்டியில ஓடிப் பாருங்க. அதே வலி வந்துச்சுன்னா அந்த இடத்துலயே நின்னுரணும்."

இதில் என்ன பிரமாதம் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன். நான் படித்தவள், ஒரு கல்லூரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். ராகு காலம் பார்த்ததில்லை. ஆனால் அந்த மேஜையில் உட்கார்ந்தபடியே காலை உள்ளே இழுத்துக்கொண்டேன். புருஷன் உயிரோடு இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவதா? அதுவும் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிற புருஷன்? இத்தனை பயம் எனக்குள் எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்கே தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை மாமியாருக்குக் கண் கட்டைப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடி போட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ் பாலத்தின் நடுவில் நின்றுபோனது. வெயிலில் அரைமணி நேரம். மாமியார் கண்ணாடிக்குள்ளிருந்து ஆற்றைப் பார்த்து, "தண்ணி இவ்ளோ பச்சையாவா இருக்கு!" என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே வந்தார். நான் என் கால் விரலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் அவர் தூங்கியதும் தேங்காய் எண்ணெய்க் கிண்ணத்தோடு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டேன். இடது கால் மெட்டி கொஞ்சம் முரண்டு பிடித்துவிட்டு, வழுக்கிக்கொண்டு கழன்றது. உள்ளங்கையில் கிடந்தது. அவ்வளவுதான், விழுந்தடித்துத் திரும்ப விரலில் ஏற்றினேன். தோல் உரிந்து ரத்தம் வந்தது. எண்ணெய்க் கையோடு வரதனுக்கு போன் போட்டேன்.

"சாப்பிட்டாச்சா?" என்றேன்.

"இங்க சாயங்காலம் அஞ்சரை மணி, என்னத்தச் சாப்பிடறது? மீட்டிங்ல இருக்கேன். என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல, சும்மாதான்."

"குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? அம்மாக்குக் கண் சரியாயிடுத்தோல்லியோ?"

சரியாகிவிட்டது என்று சொல்லி வைத்தேன். வலது கால் மெட்டி எண்ணெய்க்கும் அசையவில்லை, சோப்புக்கும் அசையவில்லை. விரல் தக்காளிப் பழம் மாதிரி சிவந்ததுதான் மிச்சம்.

ராத்திரி பூரா யோசித்தேன். இரண்டு தடவை சாலையோரம் உட்கார்ந்த அவமானம் ஒரு பக்கம். நரம்பு கெட்டுப்போனால் இனி ஓட்டமே கிடையாது, அதுவும் ஒரு பக்கம். ஓட்டத்தை விட்டால் நான் மறுபடியும் அந்த ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்திருப்பேன். அது எனக்குத் தெரியும். புதன்கிழமை காலையில் மாமியாரிடம் கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டு பெரிய கடைவீதிக்குப் போனேன்.

அதே பத்தர். அதே சின்னக் கடை. என்னை அடையாளம் தெரிந்துகொண்டார். "வெட்டி எடுத்துருங்க" என்று காலை நீட்டினேன். அவர் பலகையோடு இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

"என்னம்மா சொல்றீங்க? வீட்டுக்காரர்..."

"நல்லா இருக்காருங்க. எனக்குக் கால் வலி."

"கழலவே கூடாதுன்னு நீங்கதானேம்மா பத்தவெச்சுக்கிட்டுப் போனீங்க! சுமங்கலி கால்ல நான் வெட்டுக் கத்தரி வெக்க மாட்டேன்மா. எங்கப்பா காலத்துலேருந்து அந்த வேலை செஞ்சதில்ல. வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்க. இல்லாட்டி வீட்டுப் பெரியவங்க யாராச்சும் வந்து சொல்லட்டும்."

டாக்டர் சீட்டைக் காட்டினேன். அதை இரண்டு கையாலும் வாங்கிப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். நான் கோபத்தில் எழுந்து வந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தக் கோபத்துக்குக் கீழே ஒரு நிம்மதியும் இருந்தது. அது எனக்கு இன்னும் அதிர்ச்சி.

அன்று சாயங்காலம் மாமியார் காபியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். கறுப்புக் கண்ணாடியோடு பார்க்க கட்சித் தலைவர் மாதிரி இருந்தார். "இப்போதான் எல்லாம் பளிச்சுனு தெரியறதே. பாத்ரூம்ல எண்ணெய், பாயில ரத்தக்கறை. என்ன நடக்கறது?" என்றார். எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பத்தர் சொன்னதையும் சொன்னேன். திட்டு விழும் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் காபியைக் குடித்துவிட்டு டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குத் திட்டே தேவலை.

வியாழக்கிழமை பத்து மணிக்கு மடிசாரைச் சரிசெய்துகொண்டு வாசலில் நின்றார். "ஆட்டோ கூப்பிடு" என்றார்.

பத்தர் கடையில் என்னை உட்காரச் சொல்லிவிட்டுத் தான் நின்றுகொண்டார். பத்தர் எழுந்து நின்றார். "பெரியவங்க நீங்களே வந்துட்டீங்க. ஆனா யோசிச்சுச் சொல்லுங்கம்மா, உங்க பையன் விஷயம்" என்றார்.

"முப்பத்தாறு வருஷம் நான் மெட்டியக் கழட்டினதே இல்ல" என்றார் மாமியார். வகுப்பில் கணக்கைப் படித்துக் காட்டுகிற அதே குரல். "பிரசவத்துக்குக் கழட்டச் சொன்னா, அப்போகூட கழட்டல. இவ மாமனார் அம்பத்தெட்டு வயசுல, பேப்பர் படிச்சிண்டிருந்தபோது ஒக்காந்த இடத்துலயே போய்ட்டார். அன்னிக்கு அது ரெண்டும் என் கால்லதான் இருந்தது. வெட்டுங்கோ."

இருபத்திரண்டு வருஷ மருமகள் நான், மாமனாரின் சாவைப் பற்றி அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்து கேட்டதில்லை. பத்தர் ஒரு நிமிஷம் கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். பிறகு விரலுக்கும் வெள்ளிக்கும் இடையில் ஒரு மெல்லிய தகட்டைச் செருகி, நறுக்கென்று வெட்டினார். விரலைச் சுற்றி வெள்ளைவெளேரென்று ஒரு பள்ளம். ரத்தம் திரும்பி ஓடுகிற சூடு எனக்குத் தெரிந்தது. இடது கால் மெட்டியை நானே கழற்றினேன். மாமியார் இரண்டையும் வாங்கித் தன் பர்ஸில் போட்டுக்கொண்டு, "வா, பசிக்கறது" என்றார். ஓட்டலில் இரண்டு பேரும் பூரி மசால் சாப்பிட்டோம். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். அவர் பார்க்காத மாதிரி இன்னொரு பூரி கேட்டார்.

வெட்டியதை வரதனிடம் சொல்ல எனக்கு தைரியம் வரவில்லை. ஆனால் மணிக்கொரு தடவை ஏதாவது சாக்கு வைத்து போன் செய்தேன். கேஸை மூடினீர்களா, மழை பெய்கிறதா, தோய்த்த துணியை எடுத்தீர்களா. அவர் எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அந்தப் பொறுமையே எனக்குக் கவலையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் முக்கொம்பு. முன்பக்கம் அகலமான புது ஷூ, தளர்த்திக் கட்டிய லேஸ். பத்து வந்தது. சுருக்கென்று வரும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வரவில்லை. பதினொன்று, பன்னிரண்டு. வாழைத் தோட்டங்கள் முடிந்து வீடுகள் தொடங்கின. பதினைந்தில் மந்தமாக ஒரு வலி, அது எல்லாருக்கும் வருகிற வலி. அந்த மின்சாரம் மட்டும் இல்லை. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் ஓடிய பெண் பயந்து விலகிப் போனாள். பாலத்தில் ஏறியபோது ராஜகோபுரம் தெரிந்தது. மூன்று மணி நேரத்துக்குச் சற்று முன்னதாகவே முடித்தேன். கையில் ஒரு வாழைப்பழமும் மெடலும் கொடுத்தார்கள்.

நடைபாதையில் உட்கார்ந்து, மூச்சு அடங்குவதற்கு முன்பே வரதனைக் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். "முடிச்சுட்டேன்" என்றேன். அவர் சந்தோஷப்பட்டார். இனி மறைக்க முடியாது என்று தோன்றியது. "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். மெட்டி..."

"தெரியும். அம்மா வியாழக்கிழமையே போன் பண்ணிச் சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா ஒண்ணும் கேக்கல?"

"கேட்டா, நான் பயந்துண்டிருக்கேன்னு உனக்குத் தெரிஞ்சுடுமே."

பாலம் கட்டத் தெரிந்த எஞ்சினியர் பேசுகிற பேச்சா இது! எனக்குச் சிரிப்பு வந்தது. "பயந்து என்ன பண்ணினேள்?" என்று கேட்டேன்.

"என்ன பண்றது? மாத்திரையெல்லாம் ஒழுங்கா போட்டுக்க ஆரம்பிச்சுட்டேன்."

என் கையிலிருந்த வாழைப்பழம் கீழே விழுந்தது. "ஆரம்பிச்சுட்டேளா? அப்போ இத்தனை நாளா?"

அவர் சின்னக் குரலில் சொன்னார். "அதான் நீ மெட்டி போட்டுண்டிருந்தியே, பத்மா."

"வீடியோவைப் போடுங்கோ" என்றேன். குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "மாத்திரை டப்பாவைக் காட்டுங்கோ."

காட்டினார். ஏழு நாளைக்கு ஏழு அறை. திங்கள், செவ்வாய், புதன் மூன்றிலும் மாத்திரைகள் வைத்தது வைத்தபடியே இருந்தன. வியாழனிலிருந்து காலி.